ஒரு ஷீல்டு கீப்பரின் பதினைந்து பருவங்கள்

விக்கெட் கீப்பர் டேரன் பெர்ரியைப் பற்றி யார் எழுதினாலும், அவர் ஆஸ்திரேலியாவுக்காக ஒரு டெஸ்ட் கூட ஆடவில்லை என்பதில்தான் ஆரம்பிக்கிறார்கள். பாதிப் பேர் அதிலேயே முடித்தும் விடுகிறார்கள். எனக்கு இதில் நெடுநாள் வருத்தம் உண்டு. 1989-90 பருவத்தில் தெற்கு ஆஸ்திரேலியாவுக்கு ஆடத் தொடங்கி, அடுத்த வருடமே சொந்த மாநிலமான விக்டோரியாவுக்குத் திரும்பி, 2003-04 வரை ஸ்டம்புக்குப் பின்னால் குந்தி எழுந்த மனிதர் அவர். 153 முதல்தர ஆட்டங்கள். 603 பேர் அவர் கையால் வெளியே போயிருக்கிறார்கள். அதில் 546 பேர், ஆஸ்திரேலிய மாநிலங்கள் மோதும் ஷெஃபீல்டு ஷீல்டில் மட்டும். அவர் ஓய்வு பெற்ற நாளில், ஷீல்டின் நூறு வருடத்துக்கு மேற்பட்ட வரலாற்றில் வேறு எந்தக் கீப்பரும் அந்த எண்ணிக்கையைத் தொட்டதில்லை.

இத்தனையையும் "டெஸ்ட் ஆடாதவர்" என்ற ஒரு வரியில் மூடி வைக்க எனக்கு மனசு வருவதில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

நான் மெல்பர்னுக்கு வந்தது 1996-ல். ஊரில் கல்லூரி அணிக்குக் கீப்பிங் செய்தவன். இங்கே வந்த பிறகும் வார இறுதியில் ஒரு புறநகர் கிளப்பில் க்ளவுஸ் மாட்டிக்கொண்டுதான் இருந்தேன். வேலை, பார்சல் பிரிக்கும் கிடங்கில் இரவு ஷிப்ட். ஷீல்டு ஆட்டம் நான்கு நாள் நடக்கும், பெரும்பாலும் வேலை நாட்களில். மற்றவர்கள் அலுவலகத்தில் இருக்கும் நேரத்தில் எனக்குப் பகல் முழுக்க ஓய்வு. காலையில் வீட்டுக்குப் போய் இரண்டு மூன்று மணி நேரம் தூங்கிவிட்டு ரயில் பிடித்து எம்சிஜி என்கிற மெல்பர்ன் கிரிக்கெட் மைதானத்துக்குப் போய்விடுவேன். லட்சம் பேர் உட்காரக்கூடிய மைதானத்தில் சில நூறு பேர் ஆங்காங்கே சிதறிக் கிடப்போம். மதிய உணவுக்குத் தயிர்சாதம், ஊறுகாய். அதைப் பார்த்து என்னிடம் பேச்சுக் கொடுத்தவர்கள் உண்டு.

மைதானம் காலியாக இருப்பதில் ஒரு பெரிய நன்மை, ஆட்டத்தின் சத்தம் காதில் விழும். டெஸ்ட் ஆட்டத்தில் கூட்டத்தின் இரைச்சலில் மூழ்கிவிடும் எல்லாமே ஷீல்டில் கேட்கும். பந்து க்ளவுஸில் விழும் சத்தத்தை வைத்தே கீப்பரை எடைபோடலாம் என்று அங்கேதான் கற்றுக்கொண்டேன். உள்ளங்கைக்குள் சரியாக விழுந்த பந்து ஆழமாக 'தொப்' என்று அடங்கும். விரல் பக்கம் பட்டால் வறட்டுச் சத்தம் வரும். பெர்ரி கீப்பிங் செய்யும் நாட்களில் அந்த வறட்டுச் சத்தத்தை அபூர்வமாகத்தான் கேட்டேன். கேட்டதெல்லாம் அவர் குரல். ஓயாமல் பேசுவார். பவுலரைத் தட்டிக்கொடுப்பார், ஃபீல்டரை நகரச் சொல்வார், பேட்ஸ்மேன் காதில் விழும்படி ஸ்லிப்பிடம் ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பார். சக் பெர்ரி என்ற பாடகர் நினைவில் எல்லாரும் அவரை 'சக்' என்றே கூப்பிடுவார்கள்.

கோலிங்வுட்டில் இறைச்சிக் கடை வைத்திருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் எனக்கு இரண்டு வரிசை முன்னால் உட்காருவார். அவர் கையில் ஒரு சின்ன நோட்டு. அதில் ரன் எழுதமாட்டார், விக்கெட் எழுதமாட்டார். பைஸ் மட்டும், அதாவது பேட்டிலும் உடம்பிலும் படாத பந்து கீப்பரைத் தாண்டிப் போவதால் கிடைக்கும் ரன். யார் பந்தில், எந்தப் பக்கம் போனது, கீப்பர் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தார் என்று எழுதுவார். "ஸ்கோர்கார்டில் கீப்பரைப் பற்றி எழுதுவது இந்த ஒரு எண்தான். அதையும் தப்பாகவே எழுதுகிறார்கள்" என்றார் என்னிடம் ஒரு நாள். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. லெக் ஸ்டம்புக்கு வெளியே இரண்டு அடி தள்ளிப் போட்டு, பேட்ஸ்மேன் உடம்பு மறைக்க, பந்து மேடுபள்ளத்தில் பட்டுத் திசைமாறினால் அதுவும் பைஸ்தான். சும்மா கைக்கு வந்த பந்தைக் கோட்டைவிட்டால் அதுவும் பைஸ்தான். இரண்டுக்கும் ஒரே எண். அந்த நோட்டில் மட்டும் இரண்டும் வெவ்வேறு நிறத்தில் இருக்கும்.

கீப்பிங் செய்யாதவர்களுக்குக் கொஞ்சம் விளக்கவேண்டும். வேகப்பந்துக்குப் பின்னால் தள்ளி நிற்பது கண்ணும் காலும் செய்யும் வேலை. எட்ஜ் எடுத்தால் பாய நேரம் இருக்கும். சுழல்பந்துக்கு ஸ்டம்பை ஒட்டி நிற்பதுதான் உண்மையான சோதனை. பந்து பிட்ச் ஆகும்வரை குந்தியே இருக்கவேண்டும், பந்து எழும் அளவுக்குத்தான் நாமும் எழவேண்டும். பயத்தில் ஒரு கணம் முன்னால் எழுந்துவிட்டால் தாழ்வாக வரும் பந்து காலுக்கிடையில் போய்விடும். கட்டடம் கட்டும் இடத்தில் கீழே இருந்து செங்கல்லை வீச, மேலே நிற்கும் சித்தாள் வாங்குவதைப் பார்த்திருப்பீர்கள். கை செங்கல்லை எதிர்த்துப் போகாது, அதோடு சேர்ந்தே கொஞ்சம் பின்னால் வரும். கீப்பரின் கையும் அப்படித்தான் பந்தோடு வரவேண்டும். வந்த கையோடு ஸ்டம்புக்குத் திரும்பவும் வேண்டும். அதற்குள் பேட்ஸ்மேனின் பின்னங்கால் கிரீஸுக்கு வந்துவிடும்.

இப்போது பந்து போடுபவர் ஷேன் வார்ன் என்று வைத்துக்கொள்ளுங்கள். வலதுகை பேட்ஸ்மேனுக்கு லெக் ஸ்டம்புக்கு வெளியே பிட்ச் ஆகிறது. பேட்ஸ்மேனின் காலும் பேடும் பந்தை முழுசாக மறைத்துவிடும். அந்தக் கணத்தில் கீப்பருக்குப் பந்து தெரியாது. அங்கிருந்து அது ஆஃப் ஸ்டம்பை நோக்கித் திரும்பலாம், திரும்பாமல் அப்படியே போகலாம், தரையோடு சறுக்கலாம். பவுலரின் மணிக்கட்டைப் படிக்கத் தெரிந்த கீப்பரால்தான் அதற்கு நிற்க முடியும். விக்டோரியாவில் அந்த வேலையைச் செய்தவர் பெர்ரி. டெஸ்ட்டில் வார்னுக்கு நின்ற ஹீலியையும் கில்கிறிஸ்டையும் உலகமே பார்த்தது. வார்ன் பெர்ரியின் க்ளவுஸ் வேலையைப் பல முறை உயர்த்திப் பேசியிருக்கிறார். 2008-ல் ராஜஸ்தான் ராயல்ஸை முதல் ஐபிஎல் கோப்பைக்கு வார்ன் அழைத்துச் சென்றபோது பயிற்சிக் குழுவில் பெர்ரியும் இருந்தார். தன் பந்துகளைப் பிடித்தவரைத்தான் தன் பக்கத்திலும் வைத்துக்கொண்டார் என்று எனக்கு அன்று அவ்வளவு சந்தோஷம்.

வார்ன் சர்வதேச ஆட்டங்களுக்குப் போய்விடுவார். ஷீல்டில் அவரைப் பார்ப்பதே அபூர்வம். பெர்ரியின் அன்றாடம் என்பது டேமியன் ஃப்ளெமிங், பால் ரைஃபல், டேவிட் சேக்கர், இயன் ஹார்வி, மேத்யூ இன்னெஸ் இவர்களோடுதான். ஸ்விங், சீம், கூகபுரா நிறுவனத்தின் பந்து முப்பது ஓவருக்கு மேல் மெத்தென்று ஆகிவிடும் மதிய வேளைகள், எதுவும் நடக்காத மணிநேரங்கள். ஒரு நாளைக்குத் தொண்ணூறு ஓவருக்கு மேல் என்றால் ஐந்நூற்றுச் சொச்சம் முறை குந்தி எழவேண்டும். அதில் நூறு பந்துகூடக் கைக்கு வராமல் போகலாம். ஆனாலும் ஒவ்வொன்றுக்கும் அது தனக்கே வருகிறது என்று நினைத்துத்தான் குந்தவேண்டும். தேநீர் இடைவேளைக்கு அப்புறம் மற்ற ஃபீல்டர்களின் தோள் தொங்கும். பெர்ரியின் குரல் அப்போதுதான் இன்னும் ஏறும்.

சரி, ஏன் டெஸ்ட் கிடைக்கவில்லை? இதற்குப் பதில் பெர்ரியிடம் இல்லை, காலத்திடம் இருக்கிறது.

இயன் ஹீலி 1988-ல் கராச்சியில் முதல் டெஸ்ட் ஆடினார். அதற்கு முன் அவர் ஆடியிருந்தது ஆறே முதல்தர ஆட்டங்கள். குயின்ஸ்லாந்துக்கு வெளியே பலருக்கு அவர் பெயரே தெரியாது. ராட் மார்ஷ் 1984-ல் ஓய்வு பெற்ற பிறகு நான்கு வருடமாக வெய்ன் ஃபிலிப்ஸ், ஸ்டீவ் ரிக்ஸன், டிம் ஸோரர், கிரெக் டயர் என்று மாற்றிப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஹீலி வந்தார், 1999 வரை 119 டெஸ்ட் ஆடினார். இடையில் ஒரே ஒரு டெஸ்ட்டுக்கு மட்டும் அவர் இல்லை, 1994 லாகூர். கட்டைவிரல் உடைந்திருந்தது. நியூ சவுத் வேல்ஸின் ஃபில் எமெரி அந்த ஒரு டெஸ்ட்டை ஆடினார். 1999 நவம்பரில் கில்கிறிஸ்ட் வந்தார். ஒரு டெஸ்ட் கூட விடாமல் தொடர்ந்து 96 ஆடிவிட்டு 2008 ஜனவரியில் அடிலெய்டில் விடைபெற்றார்.

கூட்டிப் பாருங்கள். ஏறக்குறைய இருபது வருடம், 216 டெஸ்ட்டுகள், மூன்றே கீப்பர்கள். பெர்ரியின் பதினைந்து பருவங்களும் இதற்குள் அடங்கிவிட்டன. பேட்ஸ்மேன் என்றால் அணியில் ஆறு இடம், வேகப்பந்து வீச்சாளர் என்றால் மூன்று. கீப்பருக்கு ஒன்று. அதிலும் அவருக்குக் காயம் பட்டால்தான், ஆட்டத் திறன் முழுசாகச் சரிந்தால்தான் கதவு திறக்கும்.

1997-ல் கொஞ்சம் திறந்தது. ஆஷஸ் தொடருக்கு இங்கிலாந்து போன மாற்றுக் கீப்பர் கில்கிறிஸ்டுக்கு முழங்காலில் அடிபட, பெர்ரியை அனுப்பினார்கள். ஹீலி ஆறு டெஸ்ட்டும் ஆடினார். பெர்ரி திரும்பி வந்து அடுத்த ஷீல்டு பருவத்தைத் தொடங்கினார். அந்தப் பருவத்தின் ஆட்டங்களை எம்சிஜியில் உட்கார்ந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், கையில் எந்தச் சோர்வும் தெரியவில்லை.

கீப்பர்களுக்கு மாநிலத்திலேயே இந்த நெருக்கடி உண்டு. மொத்தம் ஆறு மாநிலங்கள், ஆறு இடங்கள். பெர்ரி ஏன் அடிலெய்டில் ஆரம்பித்தார்? விக்டோரியாவில் மைக்கேல் டிமாட்டினா இருந்தார். கில்கிறிஸ்ட் ஏன் 1994-ல் சிட்னியை விட்டுப் பெர்த் போனார்? நியூ சவுத் வேல்ஸில் எமெரி இருந்ததால் கில்கிறிஸ்ட் அங்கே வெறும் பேட்ஸ்மேனாகத்தான் ஆட முடிந்தது. பெர்த்தில் அவருக்காக ஸோரரை நீக்கினார்கள். உள்ளூர் ரசிகர்களுக்கு அது பிடிக்கவே இல்லை. ஸோரர் சாதாரண ஆளில்லை. 10 டெஸ்ட் ஆடியவர், 1993 இங்கிலாந்துப் பயணத்தில் மாற்றுக் கீப்பராகப் போய், லெக் ஸ்பின் போட்டு அந்தப் பயணத்தின் பந்துவீச்சுச் சராசரியில் முதலிடம் பிடித்தவர்! ஹோபர்ட்டில் பிறந்த மேத்யூ வேட், டாஸ்மேனியாவில் டிம் பெய்ன் இருந்ததால் மெல்பர்னுக்கு வந்து ஆடியதும் இதே கதைதான். ஒரு நல்ல கீப்பர் ஊரில் இருந்தால் இன்னொரு நல்ல கீப்பர் ஊரை விட்டுப் போகவேண்டும்.

குயின்ஸ்லாந்தின் வேட் செக்கம்பைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஹீலிக்குப் பின்னால் நின்றவர். கேட்கப் பாவமாக இருக்கும், ஆனால் ஹீலி எப்போதும் டெஸ்ட் அணியோடு இருந்ததால் குயின்ஸ்லாந்துக்கு வருடம் முழுக்கக் கீப்பிங் செய்தது செக்கம்ப்தான். 1995 மார்ச்சில் பிரிஸ்பேனின் காபா மைதானத்தில் குயின்ஸ்லாந்து முதன்முதலாக ஷீல்டை வென்றது. எழுபது வருடத்துக்கு நெருங்கிய காத்திருப்பு. அன்று ஹீலி மேற்கிந்தியத் தீவுகளில் இருந்தார், ஸ்டம்புக்குப் பின்னால் நின்றவர் செக்கம்ப். 2000, 2001, 2002 என்று வரிசையாக மூன்று கோப்பைகள் வந்தபோதும் அவரே. அதில் முதல் இரண்டு இறுதி ஆட்டங்களிலும் எதிரே நின்றது எங்கள் விக்டோரியா. 2000-ல் ஆட்டம் டிராவில் முடிந்தது. டிரா என்றால் புள்ளிப் பட்டியலில் முதலில் இருந்த அணிக்குக் கோப்பை என்பது விதி, பிரிஸ்பேனிலேயே தங்கிவிட்டது. 2001-ல் நான்கு விக்கெட்டில் தோற்றோம். அந்த இரண்டு வருடமும் ரேடியோ முன்னால் உட்கார்ந்து நொந்துபோனது இன்னும் நினைவிருக்கிறது. ஆனால் செக்கம்பின் கையைக் குறை சொல்ல என்னால் முடியாது. உயரமாக எழும்பும் காபா பந்தை மார்புக்கு முன்னால் எடுக்கும்போது அவருடைய கை அசைவது கூடத் தெரியாது. 2001-ல் கில்கிறிஸ்டுக்கு மாற்றாக இங்கிலாந்து போனார். டெஸ்ட் கிடைக்கவில்லை.

கில்கிறிஸ்ட் வந்த பிறகு இன்னொன்றும் நடந்தது. 47.60 சராசரி, 17 டெஸ்ட் சதங்கள், நூறு பந்துக்கு எண்பதுக்கு மேல் ரன். ஏழாவதாக இறங்கும் ஒருவர் இப்படி ஆடினால், தேர்வாளர்கள் அடுத்த கீப்பரிடமும் அதையே கேட்பார்கள். மாநிலங்களும் கேட்டன. பெர்ரியின் முதல்தர பேட்டிங் சராசரி 22-ஐ ஒட்டி. இன்று அப்படி ஒரு இளைஞன் வந்தால் மாநில அணிக்குள் நுழைவதே கடினம். இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. ஒரு கேட்ச் தவறினால் அந்த பேட்ஸ்மேன் அதற்குப் பிறகு அடிக்கும் நூறு ரன் கீப்பரின் கணக்கில் எழுதப்படுவதில்லை. லெக் சைடில் ஒரு ஸ்டம்பிங் செய்து ஆட்டத்தைத் திருப்பினால் அதுவும் பவுலர் பெயருக்கு முன்னால் ஒரு சின்ன எழுத்தாக நின்றுவிடும். ரன் மட்டும் கண்ணுக்குத் தெரியும் எண். எண்ணில் தெரிவதைத் தேர்ந்தெடுப்பது எளிது. அதனால் க்ளவுஸ் வேலை தெரிந்தவர்களை நாம் இழந்துகொண்டிருக்கிறோம். கில்கிறிஸ்ட் பெரிய கீப்பர், அதில் சந்தேகமே இல்லை. அவரைப் பார்த்துப் போட்ட அளவுகோல்தான் தவறு.

செக்கம்புக்குப் பிறகு குயின்ஸ்லாந்தில் வந்த கிறிஸ் ஹார்ட்லி இரண்டும் செய்தார். இடதுகை பேட்ஸ்மேன், முப்பதைத் தாண்டிய சராசரி, முதல்தர ஆட்டத்தில் பல சதங்கள். 2006-ல் குயின்ஸ்லாந்து 6 விக்கெட்டுக்கு 900 ரன் அடித்து விக்டோரியாவை நசுக்கிய இறுதி ஆட்டத்திலும், 2012 கோப்பையிலும் கீப்பர் அவர்தான். 2016-17 பருவத்தில் பெர்ரியின் 546-ஐ அவர் தாண்டினார். செய்தி வந்த அன்று எனக்கு இரண்டு மாதிரியும் இருந்தது. பெர்ரியின் எண் போய்விட்டதே என்று ஒரு பக்கம். அதை உடைத்தவரும் அதே மாதிரி ஒருவர் என்று ஒரு பக்கம். ஹார்ட்லியும் ஆஸ்திரேலியாவுக்கு ஒரு ஆட்டம் கூட ஆடவில்லை. ஷீல்டு வரலாற்றில் அதிகம் பேரை வெளியேற்றிய இரண்டு கீப்பர்களும் டெஸ்ட் ஆடாதவர்கள். யோசித்தால் அது இயல்புதான். டெஸ்ட் ஆடுபவருக்கு ஷீல்டு ஆட நேரம் ஏது? ஆக அந்தச் சாதனை, வருடா வருடம் மாநிலத்தோடு நின்றவர்களுக்கு மட்டுமே எட்டக்கூடியது. ஹீலியாலும் கில்கிறிஸ்டாலும் அதை நெருங்க முடியாது.

ஹார்ட்லி 2017-ல் ஓய்வு பெற்றார். அதே வருடம் கிரிக்கெட்டை விட்டுவிட்டு கூகபுரா நிறுவனத்தில் வேலைக்குப் போக இருந்த டிம் பெய்னை, ஆஷஸ் தொடருக்குத் திடீரென்று கூப்பிட்டார்கள். டாஸ்மேனியாவுக்கே அவர் அப்போது நிரந்தரக் கீப்பராக இல்லை. நான்கு மாதத்தில் டெஸ்ட் கேப்டன் ஆகிவிட்டார். கிரஹாம் மனூவுக்கு 2009 எட்ஜ்பாஸ்டனில் இன்னும் விசித்திரம். டாஸ் போட்டு முடிந்த பிறகு பிராட் ஹேடினுக்கு விரல் உடைய, இங்கிலாந்து கேப்டன் ஸ்ட்ராஸ் சம்மதிக்க, தெற்கு ஆஸ்திரேலியாவின் மனூ உள்ளே வந்தார். அது ஒன்றுதான் அவர் ஆடிய டெஸ்ட். பெய்னும் மனூவும் பெர்ரியை விடச் சிறந்த கீப்பர்கள் என்று அதனால் ஆகிவிடுமா? ஒருவரின் உடைந்த விரலை வைத்து இன்னொருவரின் வாழ்க்கையை எப்படி அளப்பது?

உடம்பைப் பற்றியும் சொல்லவேண்டும். கீப்பரின் கை விரல்களைப் பக்கத்தில் பார்த்தவர்களுக்குத் தெரியும், நேராக ஒன்று கூட இருக்காது. உள்ளே பருத்திக் கையுறை, விரல் மூட்டுகளில் டேப், அதற்கு மேல் க்ளவுஸ். அப்படியும் உடையும். பெய்ன் 2010-ல் ஒரு காட்சி ஆட்டத்தில் விரலை உடைத்துக்கொண்டு, பல அறுவை சிகிச்சைகள், பல வருடங்கள் இழந்தார். இப்போதைய விக்டோரியா கீப்பர் சாம் ஹார்ப்பர், 2017-ல் அடிலெய்டில் ஸ்டம்பை ஒட்டி நின்றபோது பேட்ஸ்மேன் சுழற்றிய பேட் தலையில் பட்டு மருத்துவமனைக்குப் போனார். 2020-ல் பிக் பாஷ் ஆட்டத்தில் பவுலரோடு மோதி விழுந்து மீண்டும் தலையில் அடி. அத்தனைக்கும் பிறகு திரும்பவும் ஸ்டம்பை ஒட்டி வந்து குந்துகிறார். அவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

பணமும் அந்தக் காலத்தில் பெரிதாக இல்லை. 1990களின் தொடக்கத்தில் மாநில வீரர்கள் பலர் வேறு வேலையும் பார்த்தார்கள். 1997-98-ல் வீரர்கள் சங்கம் வேலைநிறுத்தம் வரை போய் ஒப்பந்தம் வாங்கிய பிறகுதான் ஷீல்டு வீரருக்குக் கிரிக்கெட்டே தொழில் என்று சொல்லும் நிலை வந்தது. பின்னாளில் அந்தச் சங்கத்தின் தலைவராக இருந்து 2017 சம்பளப் பிரச்சினையில் வீரர்கள் பக்கம் நின்ற கிரெக் டயரும் ஒரு கீப்பர்தான்.

கீப்பர்கள் பயிற்சியாளர்களாக நிறையப் பேர் வந்திருப்பதும் சும்மா இல்லை. தெற்கு ஆஸ்திரேலியாவின் கீப்பர் டிம் நீல்சன் ஆஸ்திரேலிய அணிக்கே பயிற்சியாளர் ஆனார். செக்கம்ப் குயின்ஸ்லாந்துக்கு 2018-லும் 2021-லும் ஷீல்டு வாங்கிக் கொடுத்தார். மேற்கு ஆஸ்திரேலியாவின் ரையன் கேம்ப்பெல் நெதர்லாந்துக்குப் பயிற்சியாளராகப் போனார். ரிக்ஸன் நம் சென்னை சூப்பர் கிங்ஸுக்கு ஃபீல்டிங் பயிற்சியாளராக வந்தார். பெர்ரி தெற்கு ஆஸ்திரேலியாவின் தலைமைப் பயிற்சியாளராகச் சில பருவங்கள் இருந்தார். மைதானத்தில் ஃபீல்டர்கள் பெரும்பாலோர் பேட்ஸ்மேனை முன்னாலிருந்தோ பக்கத்திலிருந்தோ பார்க்கிறார்கள். கீப்பர் ஒருவர்தான் பேட்ஸ்மேன் பார்க்கும் அதே திசையில் இருந்து, அதே பந்தை, எல்லாப் பந்தையும் பார்க்கிறார். கால் எங்கே நகர்கிறது, பிடி எப்போது இறுகுகிறது என்று பதினைந்து வருடம் பார்த்தவருக்கு ஆட்டம் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

பெர்ரியின் கணக்கில் எனக்குப் பிடித்தது அந்த 546 கூட இல்லை. விக்டோரியாவுக்கு அவர் வந்த முதல் பருவம் 1990-91. அந்த வருடம் எம்சிஜி இறுதி ஆட்டத்தில் நியூ சவுத் வேல்ஸை எட்டு விக்கெட்டில் வென்று ஷீல்டு வாங்கினார்கள். அப்போது அவருக்கு 21 வயது. அப்புறம் பன்னிரண்டு பருவங்கள் எதுவும் இல்லை. டீன் ஜோன்ஸ் போனார், ரைஃபல் போனார், ஃப்ளெமிங் போனார். கோப்பையின் பெயரே பியூரா கப் என்று மாறிப்போனது. பெர்ரி இருந்தார். 2004 மார்ச்சில் அதே எம்சிஜியில், கோப்பைகளாகக் குவித்துக்கொண்டிருந்த குயின்ஸ்லாந்தை 321 ரன்னில் வென்றது விக்டோரியா. அதுதான் அவருடைய கடைசி ஆட்டம். அன்று நான் இருந்தேன். கூட்டம் வழக்கத்தை விடக் கூடுதல், ஆனாலும் சத்தம் கேட்டது. பைஸ் நோட்டுப் பெரியவர் அதற்கு முந்தைய பருவத்தோடு வருவதை நிறுத்தியிருந்தார். அவருக்காகவும் சேர்த்துக் கைதட்டினேன்.

விக்டோரியாவின் ஷீல்டு ஆட்டங்கள் இப்போது பெரும்பாலும் செயின்ட் கில்டாவில் உள்ள ஜங்ஷன் ஓவலில் நடக்கின்றன. டிராம் வாசலிலேயே நிற்கும். மெல்பர்னில் இருக்கும் நண்பர்கள் ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வாருங்கள். பவுலருக்கு நேர் பின்னால் உட்காராமல் விக்கெட்டுக்குப் பக்கவாட்டில் இடம் பிடியுங்கள். சுழல்பந்து வரும்வரை காத்திருந்து, ஒரு மணி நேரம் பேட்ஸ்மேனை மறந்துவிட்டுக் கீப்பரை மட்டும் பாருங்கள். எப்போது எழுகிறார், கை எந்த உயரத்தில் இருக்கிறது, லெக் சைடுக்குப் போகும்போது எந்தக் கால் முதலில் நகர்கிறது என்று. தயிர்சாதம் நான் கொண்டுவருகிறேன்.